பஹாவிலிருந்து குட்டி உலகம் பார்க்க: மினியேச்சர் பூங்காக்களுக்கு முழுமையான வழிகாட்டி

புகழ்பெற்ற கட்டடங்களைச் சின்னதாகக் கட்டி வைத்திருக்கும் மினியேச்சர் பூங்காவுக்குப் போய் வந்தவர்களில் ஒரு சாரார் "அரை மணியில முடிஞ்சிருச்சு, இதுக்கா இவ்வளவு காசு?" என்பார்கள். இன்னொரு சாரார் கேட் மூடும் நேரத்தில் காவலர் வந்து சொன்ன பிறகுதான் வெளியே வருவார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஈபெல் கோபுரம், ஒரே தாஜ்மகால். முதல் கூட்டம் நின்றபடியே பார்த்துவிட்டு நடந்துவிட்டது. இரண்டாவது கூட்டம் எது எத்தனை மடங்கு சிறியது என்று தெரிந்துகொண்டு போய், குனிந்து பார்த்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டாவது கூட்டத்தில் உங்களைச் சேர்ப்பதற்குத்தான்.

நெகிரி செம்பிலானில் உள்ள எங்கள் பஹாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பள்ளி விடுமுறை வந்தால் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போவது வழக்கம். அந்த வேன் ஏற்பாடு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதனால் வழி, நேரம், சாப்பாடு எல்லாம் பஹாவிலிருந்து கிளம்புகிற கணக்கில் எழுதியிருக்கிறேன். கோலப்பிலா, கிம்மாஸ், சிகாமட் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

1. எங்கே போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மலேசியாவுக்குள் உலகப் புகழ்பெற்ற கட்டடங்களைச் சின்னதாகப் பார்க்க இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் உள்ள லெகோலேண்ட். 2012 செப்டம்பரில் திறந்தது. அதன் நடுவில் இருக்கும் மினிலேண்ட் என்ற பகுதிதான் நமக்கு வேண்டியது. 3 கோடிக்கும் மேற்பட்ட லெகோ கட்டைகளால் ஆசிய நாடுகளின் கட்டடங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இரட்டைக் கோபுரம், தாஜ்மகால், அங்கோர் வாட், சீனப் பெருஞ்சுவர், சிங்கப்பூரின் மெர்லயன் எல்லாம் உண்டு.

இரண்டாவது, கோலத்திரெங்கானுவில் ஆற்றுக்கு நடுவே வான் மான் தீவில் உள்ள தாமான் தாமாடுன் இஸ்லாம். 2008-இல் திறந்தது. உலகின் புகழ்பெற்ற பள்ளிவாசல்கள், கோட்டைகள், நினைவுக் கட்டடங்களின் மாதிரிகள் அங்கே இருக்கின்றன. ஜெருசலத்தின் பாறைக் குவிமாடம், ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா, இஸ்தான்புல்லின் சுலைமானியே பள்ளிவாசல், சீனாவின் சியான் பள்ளிவாசல், நம் தாஜ்மகால். "அது அவங்க சமய இடமாச்சே, நம்ம போகலாமா?" என்று சில பாட்டிமார் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய இடம் அது.

இனி எச்சரிக்கை. மலாக்கா ஆயர் கெரோவில் உள்ள தாமான் மினி மலேசியா நம் ஊரிலிருந்து பக்கம் என்பதால் பலர் அதையே முதலில் நினைப்பார்கள். அங்கே இருப்பவை மாநிலம் வாரியான பாரம்பரிய வீடுகள், ஏறி உள்ளே நடக்கிற அளவுக்கு நிஜ வீடுகள். நல்ல இடம்தான், ஆனால் உலக அதிசயங்களைக் குட்டியாகப் பார்க்கும் ஆசையோடு போனால் பிள்ளைகள் முகம் தொங்கிவிடும். புக்கிட் திங்கியில் உள்ள கொல்மார் துரோப்பிகாலும் அப்படித்தான். பிரான்ஸின் கொல்மார் ஊரைப் பார்த்துக் கட்டிய தங்கும் விடுதி அது. எதற்குப் போனாலும் முந்தின வாரம் போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழுதுபார்ப்பு என்று சொல்லி மூடி வைப்பது நம் நாட்டில் புதிதல்ல.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: சின்னப் பிள்ளைகள் இருந்தால் லெகோலேண்ட். பெரியவர்களும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் என்றால் கோலத்திரெங்கானு. அங்கே கூட்டம் குறைவு, நிதானமாக நிற்கலாம், கட்டணமும் கையைக் கடிக்காது.

2. அளவுக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அரை மணியில் வெளியே வருகிறவர்கள்.

உலகின் பெரிய மினியேச்சர் பூங்காக்களில் அதிகம் புழங்குவது 1:25 என்ற விகிதம். நெதர்லாந்தின் மதுரோடாம், பிரஸ்ஸல்ஸில் உள்ள மினி யூரோப், ஆஸ்திரியாவின் மினிமுண்டுஸ், இஸ்தான்புல்லின் மினியாதுர்க், ஜப்பானின் தோபு வேர்ல்டு ஸ்குவேர் எல்லாம் இந்தக் கணக்குத்தான். நிஜத்தில் 25 மீட்டர் இருந்தால் பூங்காவில் 1 மீட்டர்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து நாலால் பெருக்குங்கள். வருகிற விடை சென்டிமீட்டர். தாஜ்மகால் 73 மீட்டர், நாலால் பெருக்கினால் 292 சென்டிமீட்டர், அதாவது மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பைசா சாய்ந்த கோபுரம் 56 மீட்டர், அது 224 சென்டிமீட்டர். ஈபெல் கோபுரம் 330 மீட்டர், அது 1,320 சென்டிமீட்டர், 13 மீட்டரைத் தாண்டுகிறது. நம் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், குட்டியாக்கினாலும் 18 மீட்டர் வரும். ஆறு மாடி உயரம். "மினியேச்சர்" என்றதும் மேசை மேல் வைக்கிற பொம்மையை நினைத்திருந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் நமக்குத் தெரிந்தவற்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். நாலால் பெருக்கினால் 171 சென்டிமீட்டர். அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்தால் சிலையும் அவரும் ஏறக்குறைய ஒரே உயரம். அந்த அப்பா அந்த உலகத்துக்குள் போனால் எவ்வளவு இருப்பார்? 1.7 மீட்டர், நாலால் பெருக்கினால் 6.8 சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம். 1:25 பூங்காக்களில் நிற்கிற குட்டி மனிதர்களின் உயரம் இதுதான். தோட்டத்தில் 20 மீட்டர் வளர்ந்த ஒரு பால் மரம் (ரப்பர் மரம்) 80 சென்டிமீட்டர்ச் செடியாகிவிடும். முழு அளவுக் கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்றால், அது 4.2 மீட்டருக்கு 2.7 மீட்டராகச் சுருங்கும். நம் வீட்டு ஹாலுக்குள் விரித்துவிடலாம்.

வேறு விகிதம் வந்தால் பெருக்கும் எண் மாறும், அவ்வளவுதான். 1:20 என்றால் ஐந்தால் பெருக்குங்கள். 1:100 என்றால் பெருக்கவே வேண்டாம், மீட்டர் அப்படியே சென்டிமீட்டர். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் ஒரு பெரிய கிடங்குக்குள் ரயில்களோடு ஓடிக்கொண்டிருக்கும் மினியாதூர் வுண்டர்லாந்து 1:87 அளவு. அங்கே மனிதர்களின் உயரமே 2 சென்டிமீட்டர்தான்.

இப்போது ஒரு புதிர். மினிலேண்டின் பொது அளவு 1:20 என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் இரட்டைக் கோபுரம் 22 மீட்டருக்கு மேல் நிற்க வேண்டும். ஆனால் அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகளால் கட்டிய கோபுரம் 10 மீட்டரைக்கூட எட்டவில்லை. கணக்கை வேனிலேயே சொல்லிவிடாதீர்கள். அங்கே போய்ப் பிள்ளைகளே பிடிக்கட்டும். பேருந்தும் மனிதர்களும் ஒரு அளவில், வானளாவிய கட்டடம் இன்னும் சுருக்கிய அளவில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கட்டினால் பூங்காவுக்கு இடமும் போதாது, காற்றுக்கும் மழைக்கும் நிற்கிற மாதிரி கட்டுவதும் பெரும்பாடு. கண் அதை உடனே கண்டுபிடிக்காதபடி வைப்பதில்தான் கட்டியவர்களின் திறமை தெரியும்.

ஒரு அளவு நாடா, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பிள்ளைக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

3. நாள் குறிப்பது

கோலத்திரெங்கானு என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அடிக்கிற காலம். வெள்ளத்தில் சாலை மூடினால் நடு வழியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நல்லது. திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் தொழுகை நேரம், கடைகளும் அடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள், நமக்கு விடுமுறை. கூட்டமில்லாமல் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

லெகோலேண்டுக்கு நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையையும் பாருங்கள். ஜூன் மாதமும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையும் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வந்து குவியும். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறு ஆகிவிட்டதால், முன்பு இருந்த அந்த ஒரு நாள் வித்தியாசமும் இப்போது உதவாது. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

தைப்பூசம், பங்குனி உத்திரம், உள்ளூர்க் கோயில் தீமிதி இவற்றோடு மோதாமல் தேதி வையுங்கள். சொல்ல வேண்டியதே இல்லை என்பீர்கள். சொல்லாமல் விட்டால் வேனில் பாதி இருக்கை காலியாகப் போகும்.

4. வண்டி, வழி, சாப்பாடு

வேன் அமர்த்தும்போது சுற்றுலா உரிமம் உள்ள வண்டியாகப் பாருங்கள். "நம்ம அண்ணன் வேன்தான், பள்ளிப் பிள்ளைங்கள ஏத்துறதுதான்" என்று வருகிற வண்டிக்கு நீண்டதூரப் பயணத்தில் ஏதாவது ஆனால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம்.

லெகோலேண்டுக்கு: பஹாவிலிருந்து கிம்மாஸ், சிகாமட், லாபிஸ் வழியாகப் போய் யோங் பெங்கில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுங்கள். ஜொகூர் பாரு நெருங்கும்போது சிங்கப்பூர் இரண்டாவது பாலத்துக்குப் பிரியும் நெடுஞ்சாலையைப் பிடித்தால் இஸ்கண்டார் புத்ரி வந்துவிடும். இடையில் நின்று போனால் நாலு மணி நேரம் போல ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் கேட் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பால் மரம் வெட்டப் போய்ப் பழகிய நம் ஆள்களுக்கு அந்த நேரத்தில் எழுவது ஒன்றும் பெரிதில்லை. டவுனில் இருக்கிற உறவுக்காரர்களைத்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.

கோலத்திரெங்கானுவுக்கு: திரியாங் வழியாகத் தெமர்லோ போய், அங்கிருந்து கிழக்குக்கரை நெடுஞ்சாலை. ஆறு மணி நேரமாவது பிடிக்கும். போய் அன்றே திரும்புகிற வேலை வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள்.

நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் முதல் நாளே காசு போட்டு வையுங்கள். பெரியவர், சிறியவர் எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் கேட்பார்கள். மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை) இல்லாத கைக்குழந்தைக்குப் பிறப்புப் பத்திரத்தின் நகல் போதும். லெகோலேண்ட் டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் வாசலில் வாங்குவதைவிட மலிவாகக் கிடைப்பதுண்டு. தீம் பார்க் மட்டும் வேண்டுமா, தண்ணீர்ப் பூங்காவும் சேர்த்தா என்று கேட்கும். மினிலேண்ட் தீம் பார்க் டிக்கெட்டிலேயே அடங்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கத் துணியாதீர்கள். தண்ணீரைக் கண்ட பிள்ளையை அதற்குப் பிறகு எந்த தாஜ்மகாலுக்கும் இழுத்து வர முடியாது.

கட்டுச்சோற்றை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். அதனால் எலுமிச்சைச் சாதமோ புளிச் சாதமோ கட்டியதை வழியில் ஓய்வுத்தளத்திலேயே முடித்துவிட்டு, வயிறு நிறைந்த நிலையில் உள்ளே போங்கள். புரட்டாசியில் போகிற சைவக்காரர்கள் திரும்புகிற வழிக்கும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் போத்தல், தொப்பி, ஆளுக்கொரு குடை. குடை மழைக்கும் வெயிலுக்கும்.

5. லெகோலேண்டில்: முதலில் மினிலேண்ட்

கேட் திறந்ததும் கூட்டம் முழுவதும் ராட்டினங்களுக்கு ஓடும். நீங்கள் நேரே நடுவில் இருக்கும் மினிலேண்டுக்குப் போங்கள். அந்த நேரத்தில்தான் வெயில் தாழ்வாக இருக்கும், நிழல் நீளமாக விழும், கட்டடங்களின் செதுக்கல்கள் தெரியும். பதினொரு மணிக்கு மேல் சூரியன் தலைக்கு நேரே வந்துவிட்டால் எல்லாம் தட்டையாகத் தெரியும், தரையும் கொதிக்கும்.

முதல் சுற்றில் யாரும் படம் எடுக்கக் கூடாது. இது எங்கள் வேனில் சட்டம். கையில் போன் இருந்தால் கண் வேலை செய்யாது. ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்து, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்காருங்கள். ஆமாம், உட்காருங்கள். நின்று பார்த்தால் நீங்கள் அந்த ஊருக்கு மேலே ஹெலிகாப்டரில் பறக்கிறீர்கள். உட்கார்ந்தால்தான் தெருவுக்குள் இறங்குவீர்கள்.

இறங்கியதும் மனிதர்களைத் தேடுங்கள். கட்டியவர்கள் தங்கள் குறும்பையெல்லாம் குட்டி மனிதர்களிடம்தான் காட்டுவார்கள். யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குள் போட்டி வைத்தால் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் போகும். வண்டிகள், ரயில்கள், படகுகள் நகரும். சில இடங்களில் பொத்தானை அழுத்தினால் ஏதாவது ஆடும். அவசரப்படாமல் ஒரு வண்டி ஒரு முழுச் சுற்று வருகிற வரை காத்திருங்கள்.

கட்டடங்களைப் பார்க்கும்போது வெறுமனே "அழகா இருக்கு" என்று நகராமல் இருக்க, கேள்விகளோடு போங்கள். இரட்டைக் கோபுரத்தை இணைக்கும் வான்பாலம் நிஜத்தில் 41, 42-ஆம் மாடிகளில் இருக்கிறது, மொத்தம் 88 மாடி. மாதிரியிலும் பாலம் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறதா? கோபுரத்தின் அடித்தளம் எட்டு முனை நட்சத்திர வடிவம். சதுரக் கட்டைகளை வைத்து அதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள்? அங்கோர் வாட்டில் ஐந்து கோபுரங்களும் தெரிகிற இடம் எது, மூன்று மட்டும் தெரிகிற இடம் எது? நிஜமான தாஜ்மகாலின் நான்கு மினார்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டப்பட்டவை. விழுந்தாலும் கல்லறை மேல் விழக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். மாதிரியில் அந்தச் சாய்வு இருக்கிறதா என்று நோட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள்.

செடிகளையும் விடாதீர்கள். தோட்டத்துக் கண்ணோடு பார்க்கிற நமக்கு இதில் மற்றவர்களைவிட அதிகம் தெரியும். கட்டடத்தைச் சுருக்கலாம், இலையைச் சுருக்க முடியாது. ஒரு சாதாரண செம்பருத்தி இலை அந்தக் குட்டி ஊரில் ஒரு மேசை விரிப்பு அளவு இருக்கும். அதனால் இலை சிறுத்த செடிகளாகப் பார்த்து நட்டு, அடிக்கடி வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பானின் தோபு பூங்காவில் இதற்காகவே சுமார் 20,000 பொன்சாய் மரங்களை வளர்க்கிறார்கள். நம் நாட்டு மழைக்கு எந்தச் செடியும் இரண்டு வாரத்தில் எல்லை தாண்டிவிடும். வெட்டாமல் விட்ட புதர் ஒன்று கட்டடத்தின் பாதியை விழுங்கி நிற்பதைப் பார்த்தால், அந்தப் பூங்காவின் பராமரிப்பு எப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிற்பகலில் இடி மின்னல் வந்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே மினிலேண்டை முடித்த கையோடு ராட்டினம் ஏற வேண்டியவர்கள் ஏறிவிடட்டும். நாலரை, ஐந்து மணிக்கு வெயில் இறங்கும்போது மறுபடியும் மினிலேண்டுக்கு ஒரு நடை போங்கள். காலையில் இருட்டாக இருந்த பக்கம் இப்போது வெளிச்சத்தில் நிற்கும்.

6. கோலத்திரெங்கானுவில்

இங்கே எல்லா மாதிரிகளுக்கும் ஒரே விகிதம் கிடையாது. சில உங்கள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், சில உள்ளே போகும் அளவுக்குப் பெரியவை. அதனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு "இதுதான் பெரியது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர்ப் பலகையைப் படித்து, நிஜ உயரத்தைப் போனில் தேடி, நாடாவாலோ காலடியாலோ அளந்து, எத்தனை மடங்கு என்று பிள்ளைகளை வகுக்கச் சொல்லுங்கள். பாறைக் குவிமாடத்துக்கு எட்டுப் பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். லெகோலேண்டில் தாஜ்மகாலைப் பார்த்தவர்களுக்கு இங்கே உள்ள தாஜ்மகால் ஒரு விருந்து. ஒரே கட்டடத்தை இரண்டு பேர் இரண்டு பொருளில் கட்டினால் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரியும்.

பூங்காவில் நிழல் குறைவு. காலையில் பாதி, நாலு மணிக்கு மேல் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே எஃகும் கண்ணாடியுமாகக் கட்டிய பளிங்குப் பள்ளிவாசல் (கிரிஸ்டல் மஸ்ஜித்) இருக்கிறது. அது மாதிரியல்ல, நிஜப் பள்ளிவாசல். அருகே போகிறவர்கள் முழங்காலும் தோளும் மூடிய உடையில் போங்கள், தொழுகை நேரத்தில் விலகி நில்லுங்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அந்தியில் பார்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

7. படம் எடுக்கிறவர்களுக்கு

6.8 சென்டிமீட்டர் மனிதனின் கண் தரையிலிருந்து ஆறரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் போனின் லென்ஸும் அங்கே இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்துவிடும். அப்படியே தரையை ஒட்டி வைத்து எடுங்கள். நின்று எடுத்த படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு நீங்களே நிற்பதை விட்டுவிடுவீர்கள்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறையை அணைத்துவிடுங்கள். பெரிய கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகத் தெரியும். மங்கல் வந்தாலே கண் "இது பொம்மை" என்று சொல்லிவிடும். மிக அருகில் போகாமல் ஓரடி இரண்டடி தள்ளி, இரு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) எஃப் 11, 16 என்று சுருக்குங்கள்.

பின்னால் யாருடைய காலோ தள்ளுவண்டியோ தெரியாமல், வானம் மட்டும் பின்னணியாக வரும் கோணத்தைத் தேடுங்கள். நிஜம் போலத் தெரிகிற படம் ஒன்று எடுத்ததும், அதே இடத்தில் பிள்ளையை நிற்க வைத்து இன்னொன்று எடுங்கள். குடும்பக் குழுவில் முதல் படத்தை அனுப்பி, "ஆக்ரா வந்துட்டோம்" என்று போட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து இரண்டாவதை அனுப்பலாம். உள்ளே கால் வைக்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். ஒரு குட்டி மனிதன் உடைந்தால் அதை மறுபடி செய்ய யாரோ ஒருவர் உட்கார வேண்டும்.

8. பாட்டி, தாத்தா, கைக்குழந்தை

இரண்டு இடத்திலும் பாதை பெரும்பாலும் சமதளம், சக்கர நாற்காலி போகும். பெரியவர்களைப் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை குளிரூட்டிய இடத்தில் உட்கார வையுங்கள். குனிய முடியாதவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் போதும்.

9. கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு

நமக்கு மிகப் பக்கம் தாய்லாந்தின் பட்டாயாவில் உள்ள மினி சயாம். தாய்லாந்துக் கட்டடங்களும் ஐரோப்பியக் கட்டடங்களும் 1:25 அளவில். இரவில் விளக்குப் போடுவார்கள், அதனால் மாலை ஐந்துக்கு உள்ளே போனால் பகலும் இரவும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். அங்கே குவாய் ஆற்றுப் பாலத்தின் மாதிரி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டார் அதைச் சினிமாப் பாலமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். 1942, 43-இல் 415 கிலோமீட்டர்ப் பாதை போட்டதில் திரும்பி வராதவர்கள் ஏராளம். உங்கள் குடும்பத்திலேயே யாராவது இருக்கலாம். போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அந்தப் பாலத்தின் முன் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பெயர் இருக்கும். பாங்காக்கில் இறங்கினால் அரண்மனைக்குள் மரகத புத்தர் கோயிலில் அங்கோர் வாட்டின் மாதிரி ஒன்றையும் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் தாய்லாந்து மன்னர் நான்காம் ராமா செய்யச் சொன்னது. பூங்காக்கள் எதுவும் பிறக்காத காலத்து மினியேச்சர்.

சீனாவின் ஷென்சென்னில் இரண்டு பூங்காக்கள் அருகருகே. 1989-இல் திறந்தது சீனக் கட்டடங்களுக்கானது, பெரும்பாலும் 1:15 அளவு. 1994-இல் திறந்த விண்டோ ஆஃப் த வேர்ல்டு உலகக் கட்டடங்களுக்கானது. அங்கே ஈபெல் கோபுரம் 108 மீட்டர், நிஜத்தில் மூன்றில் ஒரு பங்கு, மேலே ஏறலாம். ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது, பக்கத்தில் நிற்கிற இன்னொன்று சுண்டெலியாகத் தெரியும். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் காசு சேர்க்க முடியும் என்றால் ஜப்பானின் தோபு வேர்ல்டு ஸ்குவேருக்குச் சேருங்கள். 1993-இல் திறந்தது. 102 கட்டடங்கள், 1,40,000 குட்டி மனிதர்கள். அங்கே தோக்கியோ ஸ்கைட்ரீயின் மாதிரியே 26 மீட்டர் உயரம். தோக்கியோவின் அசக்குசாவிலிருந்து தோபு ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போகலாம். பூங்காவின் பெயரிலேயே ஒரு நிலையம் 2017-இல் வந்துவிட்டதால் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

ஐரோப்பா போகிறவர்கள் மதுரோடாமை விடாதீர்கள். ஜார்ஜ் மதுரோ என்ற யூத இளைஞர் நாஜிகளை எதிர்த்துப் போராடி, 1945-இல் டாக்காவ் முகாமில் இறந்தார். அவருடைய பெற்றோர் கொடுத்த பணத்தில் மகன் நினைவாக 1952-இல் அந்தக் குட்டி நகரம் திறக்கப்பட்டது. ஆனால் இந்த வகைப் பூங்காக்களில் மூத்தது இங்கிலாந்தின் பெக்கன்ஸ்காட். 1929-இலேயே தொடங்கிவிட்டது, அளவு 1:12.

மலேசியக் கடப்பிதழுக்கு ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், துருக்கி, சீனா எல்லாம் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் போகலாம். தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகட்டும்.

10. வந்த பிறகு

நோட்டில் எழுதிய கணக்கு காய்ந்துபோகும் முன் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஒன்று கட்டச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டடம், தோட்டத்துக் கோயில், லயத்து வீடு, எது அளக்கக் கைக்கெட்டுகிறதோ அது. 1:100 எடுத்தால் கணக்கு எளிது, மீட்டர் சென்டிமீட்டராகும். ஆனால் கதவும் சன்னலும் மிகச் சிறியதாகிவிடும், கத்தரி பிடிக்காது. 1:50 வசதி, இரண்டால் பெருக்கினால் போதும். 30 மீட்டர் நீள லயம் 60 சென்டிமீட்டர் வரும், மைலோ அட்டைப்பெட்டி ஒன்று இரண்டில் முடிந்துவிடும். கோபுரத்தை நேரடியாக அளக்க முடியாது. வெயிலில் ஒரு மீட்டர்க் கம்பை நட்டு அதன் நிழலையும், அதே நேரத்தில் கோபுரத்தின் நிழலையும் அளந்து வகுக்கச் சொல்லுங்கள். கோபுர நிழலைச் சுவரின் ஓரத்திலிருந்து அளந்தால் குறைவாக வரும், உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அளக்க வேண்டும்.